குடும்பத்தில் யாருக்கும் இல்லை

"குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் இல்லை என்றுதான் சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. பெயரைக் கேட்டால் பெயர் சொல்வது மாதிரி தானாக வாயில் வந்தது. சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. மருந்தால் மரத்துப்போன விரல் நுனிகள் இன்னும் சரியாகவில்லை, ஆனால் பேனா பிடிக்க முடிகிறது. என்னைப் போல வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணவேணி, வீட்டில் வேணி. கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய அறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுப்பது வேலை. ஓர் எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிசகாமல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கணவர் ராமநாதன் மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் நித்யா வங்கியில் வேலை செய்கிறாள்.

முதல் தடவை எனக்கு நாற்பத்துநாலு வயது. மாதவிலக்கு நிற்கப்போகிறது, அதனால்தான் இரத்தம் இப்படிப் போகிறது என்று நானே முடிவு கட்டி நாலு மாதம் சும்மா இருந்தேன். கடைசியில் கருப்பையின் உள்தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்றார்கள். டாக்டரைப் பார்க்கப் போனபோது அண்ணன் சண்முகம் கலகெதரையில் தன் ஹார்ட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சிங்களத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் இல்லை என்றேன். அண்ணன் அதற்கும் மேலே ஒரு படி போய், எங்கள் பரம்பரையிலேயே அப்படி ஒன்று கிடையாது என்று அழுத்திச் சொன்னார்.

எங்கள் வீட்டில் வழங்கிய கதை இதுதான். அப்பா வயிற்றுப்புண்ணில் போனார், வேளாவேளைக்குச் சாப்பிடாததால் வந்தது. அப்பாவின் தங்கை, கலஹாவில் வாழ்க்கைப்பட்ட அத்தை, இரத்தப்போக்கில் போனார், பிள்ளைகள் அதிகம் பெற்றதால் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வோம். எங்கள் ஆட்களிடம் பரிசம் போடும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றுவதற்கு முன் பெரியவர் ஒருவர் எழுந்து, "ரெண்டு பக்கமும் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" என்று சபையில் கேட்பார். "ஒண்ணுமில்லீங்க" என்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அது வெறும் சடங்கு, யாரும் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் பரிசத்தன்று அண்ணன்தான் எழுந்து நின்று ஒண்ணுமில்லீங்க என்றார்.

கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். பிறகு ஐந்து வாரம் கதிர்ச் சிகிச்சை. ஐந்தாவது வருட முடிவில், இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்கள். அன்று ராமநாதன் டவுனில் பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் கேட்காமலேயே கால் கிலோ மஸ்கட் வாங்கினார். மனிதர் எதற்கும் ஆடிப்பாட மாட்டார், இனிப்பு வாங்கினால் அதுதான் அவருடைய திருவிழா.

இரண்டாவது தடவை ஐம்பத்துமூன்று வயதில். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், நானும் விழுங்கினேன், இரத்தம் ஏறவில்லை. குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று வார்ட்டில் சேர்த்தார்கள். அதற்கு முதல் நாள் உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிக்க வேண்டும், குடல் வெறுமையாகும் வரைக்கும். பத்துப் பேருக்கு இரண்டு கழிவறை. ஐம்பத்துமூன்று வயதில் வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறபோது மானம் மரியாதை எல்லாம் எங்கேயோ போய்விடும்.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணையைச் சேர்ந்த பரீதா ராத்தா இருந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா முறையில் ராத்தா. விவரம் எழுத வந்த இளம் டாக்டர், கொஞ்சம் தமிழ் பேசக்கூடிய சிங்களப் பையன், அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ராத்தா விரல் மடக்கத் தொடங்கிவிட்டார்.

"எங்கட உம்மாக்கு மார்புல. மூத்த ராத்தாக்கும் மார்புல. சாச்சிட மகள் ஒண்டு, அவக்கு சூலகத்துல. எழுதிட்டீங்களா மகன்? இன்னும் ஈக்கிது."

அடுத்து என்னிடம் வந்தார். "இல்லை," என்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் ராத்தாவின் மகள் கொண்டுவந்த கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை வந்தது, நான் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் மிஸ் தடுத்துவிட்டார். "இப்படி எல்லாத்தையும் சபையில சொல்றீங்களே, பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற வீடாச்சே," என்று நான் ராத்தாவிடம் கேட்டேன். கேட்டதில் கொஞ்சம் ஏளனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"பொம்புளப் புள்ளகள் ஈக்கிறதாலதான் சொல்ற," என்றார் அவர். "அதுகள நேரத்தோட பாக்கோணுமே."

எனக்குக் குடலின் வலது பக்கத்தில் கட்டி. மார்கழியில் வயிற்றைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை இணைத்துத் தைத்தார்கள். பழையது மறுபடி கிளம்பிவிட்டது, இனி அவ்வளவுதான் என்றே நினைத்தேன். பயத்தில் பெரிய யோசனை எதுவும் வராது. அலுமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று நித்யாவுக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கிளினிக்கில் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். என் பாதி வயதுகூட இருக்காது. "அம்மா, இது பழைய வருத்தம் பரவினதில்லை," என்றார். "இது புதுசு. தனியா, தன்ர பாட்டில வந்தது."

ஒரே உடம்பில் இரண்டு தனித்தனிப் புற்றுநோய். எனக்கு அது ஆறுதலா அடியா என்று புரியவில்லை. அவர் விளக்கினார். உடம்பு ஓயாமல் தன் அணுக்களைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறது. பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை விழும். அதைப் பார்த்துத் திருத்துவதற்கென்றே உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டுக்கான மரபணு சிலருக்குப் பிறக்கும்போதே பழுதாக இருக்கும், தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல், குடலிலும் கருப்பையிலும் வேறு இடங்களிலும் புதிது புதிதாக வரக்கூடும். என் கட்டியைச் சாயம் போட்டுப் பார்த்ததில் அந்தத் திருத்துகிற பொருள் இல்லாமல் இருந்ததாம். ஒப்பு நோக்காத பிரதியை ஒருநாளும் கையெழுத்திட்டுக் கொடுக்காதவள் நான். எனக்கு விளக்கம் உடனே விளங்கிவிட்டது.

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும்..."

"இல்லை," என்றேன்.

அவர் என் பழைய கோப்பைப் புரட்டினார். அதிலும் இல்லை, வார்ட்டில் எழுதியதிலும் இல்லை. "அப்பா என்ன வருத்தத்தில காலமானவர்?"

"வயித்துப்புண்."

"எத்தனை வயசில?"

"நாற்பத்தேழு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மரணச் சான்றிதழ் பார்த்தனீங்களோ?"

இருபத்தைந்து வருடம் ஊரார் வீட்டு மரணங்களுக்கெல்லாம் காரணம் எழுதியவள். அப்பாவின் சான்றிதழை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க, மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, தைமாதப் பரிசம் என் ஆபரேஷனால் ஆவணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அதற்குள் எழும்பி நடந்துவிடுவேனா என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை எந்த இடம்?"

"வெளியில இல்லீங்க. எங்க அண்ணன் மகன்தான். முறை."

அவர் என் கோப்பை மூடி வைத்தார். பிறகு ஒரு கடதாசியை எடுத்து, அப்பா, கீழே நானும் அண்ணனும், அதற்குக் கீழே எங்கள் பிள்ளைகள் என்று கோடு போட்டார். இந்தப் பழுது எனக்கு இருந்தால் நித்யாவுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கும் இருந்தால் அவர் மகன் தினேஷுக்கும் அப்படியே. யார் யாருக்கு இருக்கிறது என்று இரத்தம் பரிசோதித்தால் தெரியுமாம். "ரெண்டு பிள்ளையளுக்கும் இருந்தால், அவைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு ரெண்டு பக்கத்தாலயும் வரலாம், அம்மா. நாலில ஒண்டு. அப்பிடி வந்தால் அது பெரியாக்களுக்கு வாற மாதிரி இல்லை. சின்ன வயசிலயே வரும்."

பேரப்பிள்ளை என்ற சொல்லை நான் அதுவரை சந்தோஷமாகத்தான் நினைத்திருந்தேன். அந்தக் கடதாசியை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ராமநாதன் வழி முழுக்க என்ன என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இப்ப சொல்லு," என்றார்.

மரணப் பதிவின் பிரதி எடுப்பது எனக்குப் புதிதல்ல. பிரதேச செயலகத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள், ராமநாதன் போய் வாங்கிவந்தார். சிங்களத்தில், கை எழுத்தில் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் பெருங்குடல் புற்றுநோய். என் கண் பழக்கத்தில் அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போனது. எந்தச் சான்றிதழையும் கடைசிக் கட்டம் வரை படிப்பவள் நான். அறிவித்தவர் என்ற கட்டத்தில் பெயர் சண்முகம், உறவு மகன், வயது பத்தொன்பது. கீழே அண்ணனின் கையெழுத்து.

புற்றுநோய் மருந்து முதல் தடவை ஏறுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தையல் இழுக்க இழுக்க, குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறிக் கலகெதரைக்குப் போனேன். கடையில் அண்ணன் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சான்றிதழை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போடாமலே அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு அப்ப பதினாலு வயசு," என்றார். "அம்மா கையப் புடிச்சிக்கிட்டுச் சொல்லிச்சு. இது வெளிய தெரிஞ்சா வேணிய எவன் கட்டுவான்னு. நான் போயி எழுதிக் குடுத்துட்டு வந்து வயித்துப்புண்ணுன்னு சொன்னேன். அத்தைக்கும் அப்படித்தான் பேசிக்கிட்டோம்."

"எனக்கு வந்தப்ப டாக்டர் கேட்டாரே அண்ணே. பக்கத்துலதானே இருந்தீங்க."

"அதத்தான் இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருக்கேன், வேணி." அவர் என்னைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு இல்லன்னு சொன்னப்ப அது பொய்னே எனக்குப் படல. அவ்வளவு வருசம் சொல்லியாச்சு."

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்பது வருடமாக என் குடலைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள், கட்டியாகும் முன்பே வெட்டியிருப்பார்கள். இதை நான் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது, ஆனால் சொன்னேன், எனக்குக் கோபம் இருந்தது. அண்ணன் தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆணி வாங்க வந்த ஆள் எப்போதோ போய்விட்டிருந்தார். அப்படியே என்னை பஸ் ஏற்றிவிட வந்து, ஏறும்போது, "ரத்தம் எங்க குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆறு மாதம் மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து நரம்பில் ஏற்றுவார்கள். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்கும், பிரிஜ் திறக்க முடியாது. ராமநாதன் எனக்காகக் கிளாஸ், கரண்டி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டெடுத்துத் தருவார். குளிப்பதற்கு அண்ணி கலகெதரையிலிருந்து நொச்சி இலை கொடுத்தனுப்பினார். நித்யா வங்கியிலிருந்து வந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டு செல்போன் பார்ப்பாள். பேசமாட்டாள், காலையும் இறக்கமாட்டாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, "எனக்கு இருந்தா நான் தெரிஞ்சிக்கணும்மா," என்றாள். "தினேஷ் அத்தான்கிட்ட நானே பேசிட்டேன். அவரும் குடுக்கிறேன்னாரு."

இரத்தம் கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனது. முதலில் என் முடிவு வந்தது, பழுது இருந்தது. பிறகு மற்ற மூவருடையதும் ஒரே நாளில் வந்தன. டாக்டர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். அண்ணனுக்கு இருந்தது. தினேஷுக்கு இல்லை. நித்யாவுக்கு இருந்தது.

இரண்டு பக்கத்தாலும் வரும் ஆபத்து பேரப்பிள்ளைக்கு இல்லை என்று ஆனது. ஒரு பக்கத்தால் வரலாம். நித்யா இப்போதிருந்தே வருடா வருடம் கமரா பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு அடுத்த மாதமே பார்த்தார்கள். இரண்டு சின்ன முளைகள், கெட்டுப்போகும் முன்பே வெட்டி எடுத்தாயிற்று. நான் வாய்விட்டு அழுதது அன்றுதான். என் நோய்க்கு நான் அவ்வளவு அழவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு கலகெதரையிலிருந்து பேச்சே இல்லை. அண்ணி ஒரு தடவை போன் எடுத்தார். "தினேஷுக்கு இல்லன்னு ஆனது நிம்மதி," என்றார். பிறகு, "நித்யா சாப்பிட்டாளா?" என்றார். பரிசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரம் இப்படியே போனது. யாரைக் குறை சொல்ல? பழுது இல்லாத மகனுக்குப் பழுது இருக்கிற பெண்ணைக் கேட்டு வா என்று நான் எப்படிச் சொல்வேன்? என்னைக் காப்பாற்றத்தான் அண்ணன் அத்தனை வருடம் மறைத்தார். மறைத்ததை நான் தோண்டி எடுத்து என் மகள் தலையில் போட்டுவிட்டேன் என்றே எனக்கு இருந்தது. நித்யா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆவணி இரண்டாம் வாரம் அண்ணன் போன் எடுத்து, "ஞாயித்துக்கிழம வாறோம். சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிடு. ஒருத்தரையும் விட்டுறாத," என்றார். கலஹாவிலிருந்து அத்தை மகள் சரஸ்வதியையும் கூப்பிடச் சொன்னார். அவளுக்கு நான் முன்பே ஒரு தடவை போன் எடுத்து அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தேன். "எங்கம்மாவுக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா கெளப்பாதீங்க," என்று வைத்துவிட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள் அவளுக்கு, மூத்தவளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு முடி பாதி கொட்டியிருந்தது, பூ வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. தட்டுகளை எதிரெதிரே வைத்தார்கள். கோயில் கமிட்டிப் பெரியவர் எழுந்து வழக்கம்போல, "ரெண்டு பக்கமும் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல் தட்டை எடுக்கக் குனிந்தார்.

"இருக்குங்க," என்றார் அண்ணன்.

அவர் எழுந்து நின்றார். முப்பது வருடம் முன்பு என் பரிசத்தில் நின்ற அதே மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

"எங்க அப்பா வயித்துப்புண்ணுல சாகல. கேன்சர்ல செத்தாரு. அத்தையும் அப்படித்தான். என் தங்கச்சிக்கு ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவையும் பொழைச்சிருக்கா. அது எங்க ரத்தத்துல வருது. எனக்கு இருக்கு. எம் மருமகளுக்கும் இருக்கு, மகனுக்கு இல்ல. எல்லாம் டாக்டர் பாத்துச் சொன்னது." கொஞ்சம் நிறுத்தினார். "தெரிஞ்சிதான் பொண்ணு கேக்கிறோம். எம் பொண்டாட்டியும் சம்மதிச்சிதான் வந்திருக்கா. நேரத்தோட பாத்துக்கிட்டா பொழைக்கலாம். இத நான் பத்தொன்பது வயசுலயே சொல்லியிருக்கணும்."

 பெரியவர் தட்டைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றார். அண்ணி எழுந்து வந்து, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நித்யாவின் கழுத்தில் போட்டார். அதன் பிறகுதான் தட்டு மாறியது.

சாப்பாடு நடந்தது. சிலர் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு குடும்பம் சொல்லாமலே கிளம்பிவிட்டது. நான் பின்பக்கம் குழாயடியில் வெந்நீர் செம்போடு கை கழுவிக்கொண்டிருந்தேன். சரஸ்வதி வந்து பக்கத்தில் நின்றாள். தன் கையை நீட்டினாள், நான் ஊற்றினேன். கழுவி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அந்தக் கிளினிக்கு என்னைக்கு?" என்றாள்.

"புதன்கிழம."

"கலஹாவுல இருந்து முத பஸ்ஸுல வந்தா நேரத்துக்கு வந்துறலாமா?"

"வந்துறலாம். குட்ஷெட்ல நான் நிக்கிறேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாறேன்," என்றாள்.